மூன்று பேர், பத்து பேனல், ஒரு பிக்கப்: கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே எடுத்த முடிவு

என் நண்பர் ஒருவர் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்கிறார். அவரும் இரண்டு உதவியாளர்களுமாக மூன்று பேர். பழைய வேன் இனி தாங்காது என்றானதும் பிக்கப் வாங்கத் தீர்மானித்தார். எந்த வகை என்பது சீக்கிரமே முடிவாகிவிட்டது: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற, "1 டன்" என்று சொல்லப்படும் நடுத்தர அளவு வண்டி. டீசல், மேனுவல் கியர் என்பதிலும் குழப்பமில்லை. இழுபறியாகக் கிடந்தது ஒரே ஒரு கேள்விதான். இரண்டு கதவு சிங்கிள் கேப்பா, முன்சீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் இடம் வைத்த எக்ஸ்ட்ரா கேப்பா, நான்கு கதவு டபுள் கேப்பா?

"டபுள் கேப் எடுத்தா ஆளுக்கு வசதி, சிங்கிள் கேப் எடுத்தா லோடுக்கு வசதி. எதை விடறது?" என்று கேட்டார். பிக்கப் வாங்கப் போகிற எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது என்பது என் கட்சி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி எவ்வளவு நீளம் என்று எல்லோரும் பார்க்கிறோம். அந்தத் தொட்டி பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களின் அச்சுக்கு, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. இந்த ஆய்வில் முடிவைத் திருப்பிப் போட்டது அந்த இரண்டாவது விஷயம்தான்.

ஒரே நீளத்துக்குள் பங்கு பிரிப்பது

ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். 2015-இல் வந்த தலைமுறையில் வீல்பேஸ் 3,085 மி.மீ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரம் டபுள் கேப்புக்கும் எக்ஸ்ட்ரா கேப்புக்கும் ஒன்றுதான். மொத்த நீளமும் ஏறத்தாழ 5.3 மீட்டரிலேயே நிற்கிறது. ஆக, கேபினுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சாணும் தொட்டியிலிருந்து வெட்டி எடுத்ததுதான். டபுள் கேப்பின் தொட்டி 1.5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். எக்ஸ்ட்ரா கேப்பில் 1.8 மீட்டர் அளவில் இருக்கும். சிங்கிள் கேப்பில் 2.3 மீட்டரை எட்டும். கம்பெனிக்குக் கம்பெனி சில சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலும் இந்த வகை வண்டிகளில் இந்தப் படிநிலை பொதுவானது.

இந்த எண்களைப் பார்த்ததும் நண்பரின் கை சிங்கிள் கேப் பக்கம் சாய்ந்தது. 80 சென்டிமீட்டர் கூடுதல் என்றால் சும்மாவா?

சரி, அந்த 80 சென்டிமீட்டரில் எந்தச் சாமானை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். இருவரும் உட்கார்ந்து அவர் வழக்கமாகக் கொண்டுபோகும் பொருள்களை நீள வாரியாக எழுதினோம். அதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. 1.5 மீட்டருக்குக் குறைவான எதுவும் எந்தத் தொட்டியிலும் அடங்கிவிடும்: இன்வெர்ட்டர், பேட்டரி, கேபிள் சுருள், டிரில் பெட்டி எல்லாம் அந்த வகை. 2.3 மீட்டருக்கு மேலான எதுவும் எந்தத் தொட்டியிலும் அடங்காது. 4 மீட்டர் அலுமினிய ரெயில், மடக்கினாலும் 3 மீட்டர் வரும் ஏணி ஆகியவை சிங்கிள் கேப் வாங்கினாலும் கேபினுக்கு மேலே ரேக்கில்தான் போகும். எனவே தொட்டி நீளம் என்ற கேள்வி 1.5 மீட்டருக்கும் 2.3 மீட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் சாமான்களுக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு தொழில் செய்பவர்களுக்கு அந்தப் பட்டியல் நீளமாக இருக்கலாம். நண்பருக்கு அங்கே நின்றவை இரண்டே இரண்டு: சிறிய பேனல், பெரிய பேனல்.

வீடுகளுக்குப் பரவலாகப் போடுகிற 400 வாட் வகை பேனல் 1,722-க்கு 1,134 மி.மீ. இருக்கும். தடிமன் 30 மி.மீ., எடை 21 கிலோ அளவில். 540 வாட் வகையில் பரவலாக வருவது 2,278-க்கு 1,134 மி.மீ., எடை 28 கிலோ அளவில். இந்த 1,134 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பெரிய பேனலைக் கணக்கிலிருந்து எடுத்தது

2,278 மி.மீ. பேனல் சிங்கிள் கேப் தொட்டியில் மட்டும்தான் உள்ளே போகும், அதுவும் இழுத்துப் பிடித்து. நண்பருக்கு சிங்கிள் கேப் ஆசை வந்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் அந்தப் பெரிய பேனல் எப்போது தேவைப்படுகிறது? கடை, கொட்டகை, பள்ளி போன்ற பெரிய கூரைகளுக்கு. அங்கே பத்து பேனலோடு வேலை முடியாது. மரத்தட்டில் அடுக்கி வரும் ஒரு கட்டுக்குப் பொதுவாக 31 பேனல் இருக்கும். 28 கிலோ வீதம் அதுவே 868 கிலோ. மூன்று ஆட்களும் கருவிகளும் ஏறிய பிறகு இந்த வகை பிக்கப் அதைச் சுமக்கக் கூடாது. சப்ளையரின் லாரிதான் நேராக வேலை நடக்கும் இடத்தில் இறக்கும். முன்பு வேன் வைத்திருந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

எப்போதாவது வரும் பெரிய லோடை மனதில் வைத்து வண்டி வாங்குவது ரொம்பப் பேர் செய்கிற காரியம். அந்தப் பெரிய லோடு வரும் நாளில் பார்த்தால் எடையாலோ அகலத்தாலோ அது எப்படியும் வேறு வண்டியில்தான் போக வேண்டியிருக்கும். நீளத்தை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. பெரிய பேனலைப் பட்டியலிலிருந்து அடித்ததும் மீதி நின்றது 1,722 மி.மீ. பேனல் ஒன்றுதான்.

மூன்றாவது ஆள் எங்கே உட்காருவார்?

இதற்கிடையில் ஆட்கள் விஷயத்தையும் பார்த்தோம். வேலை நாள் ஒவ்வொன்றிலும் மூன்று பேர் போகிறார்கள், பெரும்பாலும் இரண்டு மணி நேரப் பயணம். முன்னால் இரண்டே தனிச்சீட்டு வைத்த சிங்கிள் கேப்பில் மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. தொட்டியில் உட்கார்ந்து வரச் சொல்வது என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுக்கவில்லை. பெல்ட் இல்லாத இடத்தில் ஆளை ஏற்றுவது ஆளைக் கொல்லும் வழி. சில மாடல்களில் முன்னால் பெஞ்ச் சீட்டு வரும். அதில் நடுவில் உட்காருபவரின் கால் கியர் லீவரோடு தினமும் சண்டை போடும்.

எக்ஸ்ட்ரா கேப்பை நண்பர் நடுநிலையான தீர்வாக நினைத்தார். காகிதத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் கூடுதல் தொட்டி, பின்னால் அவசரத்துக்கு இரண்டு சீட்டு. நேரில் போய் ஓர் உதவியாளரைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். முதுகுச் சாய்வு கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இருந்தது. முழங்கால் முன்சீட்டின் முதுகில் முட்டியது. அவர் ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் பெல்ட் தோளில் சரியாகப் படியாது. பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கிற வகை. முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு அசையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும். "பரவாயில்லை அண்ணே, சமாளிச்சுக்கலாம்" என்றார் அந்த உதவியாளர். அவர் சொல்வது அவர் குணம். இரண்டு மணி நேரம் உடம்பை மடக்கி வைத்துவிட்டு இறங்கியதும் கூரை ஏறுகிற வேலை அது. அந்த ஒரு காரணத்துக்காகவே எக்ஸ்ட்ரா கேப் வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னேன்.

தனியாக வேலை செய்பவருக்கு எக்ஸ்ட்ரா கேப் அருமையான வண்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் இருக்கும் அந்த இடத்தைச் சீட்டாகப் பார்க்காமல் பூட்டக்கூடிய, மழை படாத அலமாரியாகப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும். மீட்டர், மடிக்கணினி, விலை உயர்ந்த கருவி எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். குழந்தைகளை ஏற்றுவதாக இருந்தால் மட்டும் வேண்டாம். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கை அந்த இடத்தில் சரியாக உட்காருவது அபூர்வம்.

கேபின் வகை மாறும்போது பாதுகாப்பும் மாறலாம் என்பதற்கு ஃபோர்டின் பெரிய பிக்கப்பான எஃப்-150 ஓர் உதாரணம். 2015 மாடலை, வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு சோதித்தது. முன்பக்க ஓரத்தில் மட்டும் மோதவிடும் சோதனையில் நான்கு கதவு சூப்பர்க்ரூ நல்ல மதிப்பீடு பெற்றது. எக்ஸ்ட்ரா கேப்புக்கு ஈடான, அதே வண்டியின் சூப்பர்கேப் வகை அதைவிட இரண்டு படி கீழே நின்றது. சூப்பர்க்ரூவில் முன்சக்கரத்தைக் கேபினுக்குள் வரவிடாமல் தடுக்கும் கூடுதல் இரும்பு இருந்தது, சூப்பர்கேப்பில் இல்லை. 2016-இல் அதைச் சேர்த்த பிறகு இரண்டும் ஒரே நிலைக்கு வந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் எந்தக் கேபினைச் சோதித்தார்கள் என்று பார்த்துத்தான் மதிப்பீட்டை நம்ப வேண்டும்.

பின் ஆக்சில் எந்தப் பக்கம் இருக்கிறது

ஆக, டபுள் கேப் என்று ஆட்கள் தரப்பு சொல்லிவிட்டது. இனி லோடு தரப்பு. இந்த ஆய்வின் முக்கியமான பகுதி இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

டபுள் கேப்பில் தொட்டி குட்டையாவது எந்த முனையில்? முன்முனையில். கேபின் பின்னோக்கி வளர்ந்து, பின் ஆக்சிலுக்கு முன்னாலிருந்த தொட்டி இடத்தைத் தின்றுவிடுகிறது. பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பகுதி அப்படியே இருக்கிறது. தோராயமாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும். தொட்டியின் பின்கதவு ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.3 மீட்டர் தொட்டி ஆக்சிலுக்கு 1.1 மீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடும். அதன் நடுப்புள்ளி ஏறக்குறைய ஆக்சிலின் மேலேயே விழும். 1.55 மீட்டர் தொட்டி ஆக்சிலுக்கு 35 சென்டிமீட்டர் முன்னால்தான் தொடங்கும். அதன் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு 42 சென்டிமீட்டர் பின்னால் விழும்.

இதனால் என்ன? 400 கிலோவைச் சமமாகப் பரப்பி வைத்தாலும், டபுள் கேப்பில் அது முன் ஆக்சிலை ஏறத்தாழ 54 கிலோ தூக்கிவிடும். 400-ஐ 0.42-ஆல் பெருக்கி வீல்பேஸ் 3.085-ஆல் வகுத்தால் வரும் எண் அது. பின் ஆக்சில் 400-க்குப் பதிலாக 454 கிலோ சுமக்கும். சீசா பலகை மாதிரிதான்: பின் ஆக்சில் நடுக்கட்டை, அதற்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்னால் இருப்பதைத் தூக்கும். இதே 400 கிலோவைச் சிங்கிள் கேப்பில் பரப்பினால் முன் ஆக்சிலுக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது.

முன்பக்கம் இலேசானால் ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கும். பிரேக்கின் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்கள்தான் செய்கின்றன, அவற்றின் பிடிமானம் குறையும். இரவில் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். இன்னும் ஒரு படி மேலே போனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வளைகிற கதை வரும். டபுள் கேப்பின் பின்முனையில் டிரெய்லரைக் கோத்து, தொட்டியிலும் கனமாக ஏற்றி, வண்டி தாழ்கிறதே என்று லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வண்டியை உயர்த்தும் காற்றுப்பை வைத்தால், எடை பட்டையின் இரு முனைகளில் பிரிந்து இறங்காமல் நடுவில் ஒரே புள்ளியில் இறங்கும். குண்டும் குழியுமான சாலையில் சேஸிஸ் அந்த இடத்தை ஒட்டி, கேபின் முடிந்து தொட்டி தொடங்கும் இடத்தில் மடங்குகிறது. வண்டி பார்ப்பதற்கு மட்டமாக நிற்பது லோடு சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. காற்றுப்பை உயரத்தைத்தான் சரிசெய்யும்; முன் ஆக்சிலில் குறைந்த 54 கிலோவை அது திருப்பித் தராது.

இன்னொன்றும் உண்டு. கேபின் பெரிதானால் வண்டியின் சொந்த எடை கூடும். மொத்த எடை வரம்பு அதற்கு ஈடாகக் கூடாவிட்டால், ஏற்றக்கூடிய எடை குறையும். ஆட்களின் எடையும் அந்த வரம்புக்குள்தான் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நண்பரின் கணக்கு: பத்து பேனல் 210 கிலோ, லித்தியம் பேட்டரி இரண்டு 90, இன்வெர்ட்டர் 20, கருவிகளும் கேபிளும் 80, ரெயிலும் ஏணியும் 50. கூட்டினால் 450. மூன்று ஆட்களுக்கு 75 கிலோ வீதம் 225. மொத்தம் 675 கிலோ. டெக், ரேக், பெட்டி என்று பின்னால் பொருத்துவதெல்லாமும் அதே வரம்பிலிருந்துதான் கழியும். எடை வரம்பு இடிக்கவில்லை. எங்கே வைப்பது என்பதுதான் இடித்தது.

தொட்டியா, தட்டை டெக்கா

1,722 மி.மீ. பேனலை டபுள் கேப் தொட்டியில் எப்படி வைப்பது? நீளவாக்கில் வைத்தால் பின்கதவைத் திறந்து தொங்கவிட வேண்டும். நம்பர் பிளேட் மறையும், பல இடங்களில் சட்டமும் ஒப்பாது. பேனல் எடையின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால் போய்விடும். படுக்க வைத்து அடுக்கலாம் என்றால் சக்கர வளைவுகளுக்கு நடுவில் 1.1 மீட்டர் இடம்தான். பேனல் 1.134. விரல் தடிமன் வித்தியாசத்தில் தரையில் இறங்காமல் இரண்டு வளைவுகளின் மேல் பாலம் மாதிரி நிற்கும். நடுவில் தாங்கல் இல்லாமல் குலுங்கினால் கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வாடிக்கையாளரின் கூரையில் ஏறிய பிறகுதான் உற்பத்தி குறைந்து அது வெளியே தெரியும். பேனலை நிமிர்த்தி, ஓரத்தில் நிற்க வைத்துக் கொண்டுபோவதே நல்லது. குறுக்காக நிற்க வைக்கலாமா என்றால் தொட்டியின் உள் அகலம் எங்கேயும் 1,722 வராது.

இங்கேதான் வழி திறந்தது. தொட்டி இல்லாமல் சேஸிஸோடு மட்டும் வண்டியை வாங்கி, பின்னால் மூன்று பக்கமும் பலகை இறங்கும் தட்டையான டெக் கட்டுவது. டெக்கின் தளம் சக்கரங்களுக்கு மேலே உட்காருவதால் சக்கர வளைவு என்ற தொல்லையே இல்லை. அகலம் 1.8 மீட்டர் கிடைக்கிறது. டபுள் கேப்பிலும் 1.8 மீட்டரை ஒட்டி நீளம் கட்டலாம். ஆனால் நண்பருக்குப் பயன்பட்டது அந்த அகலம். 1,722 மி.மீ. பேனலைக் குறுக்காக, கேபின் முதுகை ஒட்டி, நீள ஓரத்தில் நிற்க வைத்துவிடலாம். பத்து பேனலும் இடையில் வைக்கும் ரப்பரும் சேர்ந்து 40 சென்டிமீட்டர் இடம்தான் எடுக்கும். அந்த 40 சென்டிமீட்டரும் ஏறக்குறைய முழுவதும் பின் ஆக்சிலுக்கு முன்னால் விழுகிறது!

தொட்டியில் நீளவாக்கில் வைத்தால் அந்த 210 கிலோ முன் ஆக்சிலை 35 கிலோ தூக்கும். டெக்கில் குறுக்கே நிற்க வைத்தால் முன் ஆக்சிலில் 10 கிலோ கூடும். வண்டி அதுவே, லோடு அதுவே. மூன்று பேரும் ஒழுங்காக உட்கார்ந்து வரலாம், பின்னால் இருந்த கவலையும் தீர்ந்தது. டபுள் கேப், தட்டை டெக் என்று அன்றே முடிவு செய்தோம்.

குறை இல்லாமல் இல்லை. டெக்கின் தளம் தொட்டியைவிட உயரம், கனமான பேட்டரியைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். நிற்கும் பேனல்கள் கேபின் கூரைக்கு மேல் ஒரு சாணுக்கு மேல் தலை நீட்டுகின்றன. காற்று நேராக அடிக்காமலிருக்க முன்னால் பிளைவுட் பலகை வைத்து ராட்செட் பெல்ட்டால் இரண்டு இடத்தில் இறுக்க வேண்டியிருக்கிறது. ரெயில் வைக்கும் ரேக்கையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று. தொட்டியில் போட்டு மூடி வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு டெக் பிடிக்காது. பூட்டி வைக்க இடமே கிடையாது.

பெரிய வண்டி என்றால் கணக்கு வேறு

முழு அளவு அமெரிக்க பிக்கப்களில் இதே கேள்விக்கு வேறு விடை வரலாம். அங்கே வீல்பேஸே நீள்கிறது. 2021-இல் வந்த எஃப்-150 தலைமுறையில் 6.5 அடி தொட்டி வைத்த சூப்பர்கேப்புக்கும் 5.5 அடி தொட்டி வைத்த சூப்பர்க்ரூவுக்கும் வீல்பேஸ் 145.4 அங்குலம்தான். சூப்பர்கேப்பின் பின்சீட்டுக் கால் இடம் 33.5 அங்குலம், சூப்பர்க்ரூவில் 43.6. பின்னால் உட்காருபவருக்குக் கிடைத்த 10 அங்குலத்துக்குத் தொட்டி ஓர் அடி கொடுத்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பவருக்கு சூப்பர்க்ரூவிலேயே 6.5 அடி தொட்டி உண்டு. அதன் வீல்பேஸ் 157.2 அங்குலம், அதாவது 4 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. மொத்த நீளம் 6.18 மீட்டர். நீளம் கூடுவது ஆக்சில்களுக்கு நடுவில் என்பதால் லோடு நன்றாக உட்காரும், டிரெய்லர் இழுக்கும்போது வண்டி அலையாது. திருப்ப அதிக இடம் வேண்டும், மேட்டைக் கடக்கும்போது வயிறு தட்டும், பல வண்டி நிறுத்தங்களில் மூக்கோ வாலோ வெளியே நிற்கும். இந்த வகையில் சக்கர வளைவுகளுக்கு நடுவில் 50 அங்குலத்துக்கு மேல் இடம் உண்டு. 4 அடி அகலப் பலகை தரையில் படுத்துவிடும்.

டிரெய்லரை பம்பரில் கோக்காமல் தொட்டிக்குள்ளேயே கோக்கும் ஐந்தாம் சக்கர வகை என்றால் தொட்டி நீளம் உயிர் நாடி. குட்டைத் தொட்டியில் இறுக்கித் திருப்பினால் டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும். நகரும் வகை கொக்கி வைத்துச் சமாளிப்பார்கள். அந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர் 8 அடி தொட்டியை வாங்குவது நல்லது.

கேபினுக்கும் தொட்டிக்கும் நடுச்சுவரைத் திறக்கும் யோசனையும் இருக்கிறது. செவ்ரொலே அவலாஞ்ச் அதைப் பிரபலமாக்கியது. சில்வராடோ மின்வண்டியில் பின்சீட்டை மடித்து நடுச்சுவரை இறக்கி, பின்கதவு நீட்டிப்பையும் சேர்த்தால் 5 அடி 11 அங்குலத் தொட்டி 10 அடி 10 அங்குலம் வரை போகும். நீளச் சாமானும் பின்சீட்டு ஆட்களும் வெவ்வேறு நாட்களில் வருபவருக்கு இது பொருந்தும். நண்பருக்கு இரண்டும் ஒரே நாளில் வருகின்றன என்பதால் உதவாது.

ஓட்டிப் பார்த்த பிறகு

வண்டி வந்து, டெக் கட்டி, வேலைக்குப் போகத் தொடங்கிய சில வாரங்களில் ஸ்டியரிங் இலேசாக இருக்கிறது என்றார் நண்பர். பேனல்கள் சரியான இடத்தில்தான் இருந்தன. பின்பலகையைத் திறந்து பார்த்தால் பேட்டரி, கான்கிரீட் டிரில், கேபிள் சுருள் எல்லாம் டெக்கின் கடைசி முனையில். முன்னால் பேனல் நிற்பதால் ஏற்ற எளிதான இடத்தில் ஏற்றிவிட்டார்கள், கேட்டால் இறக்கவும் சுலபம் என்கிறார்கள். மனிதர் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

எடைமேடைக்குக் கொண்டுபோய் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை எடுத்தோம். அங்கேயே பேட்டரிகளையும் டிரில் பெட்டியையும் இறக்கி, பேனலுக்கு நேர் பின்னால், ஒரு மீட்டர் முன்னோக்கி நகர்த்தி வைத்து மறுபடியும் நிறுத்தினோம். முன் ஆக்சில் எண் ஏறியதை உதவியாளர்கள் இருவரும் கண்ணால் பார்த்தார்கள். 150 கிலோவை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தினால் முன் ஆக்சிலில் கிட்டத்தட்ட 49 கிலோ கூடும் என்று நான் காகிதத்தில் எவ்வளவோ சொல்லியிருந்தேன். அந்தத் திரையில் எண் மாறியதுதான் அவர்களுக்கு உறைத்தது. இப்போது டெக்கின் இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு முன்னால் தளத்துக்குக் கீழே, பூட்டும் பெட்டி வைத்துக் கனமான கருவிகளை அதில் போடுகிறார்கள். பக்கப்பலகை இறங்குவதால் பேட்டரியைப் பக்கவாட்டிலிருந்தே நேராக ஆக்சிலுக்கு மேல் வைக்க முடிகிறது. தொட்டி வண்டியில் பக்கத்திலிருந்து இதை எட்டி வைப்பது முதுகை உடைக்கும் வேலை.

பின்சீட்டில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருக்கிறதே என்று இன்வெர்ட்டரை அங்கே வைக்கும் பழக்கமும் முளைத்தது. கட்டாமல் சீட்டில் வைத்த 20 கிலோ பெட்டி, அவசர பிரேக்கில் ஓட்டுநரின் தலைக்குத்தான் போகும். சீட்டின் அடிப்பாகத்தை மேலே மடித்து, தரையில் வைத்து, பெல்ட்டால் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

நண்பர் இப்போது நான்காவது ஆளைச் சேர்க்க யோசிக்கிறார். சீட்டு இருக்கிறது. அவரும் அவருடைய கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால் 675 என்பது 775 ஆகும். டெக், ரேக், பக்கப்பெட்டிகள் ஆகியவற்றின் எடையையும் கழித்த பிறகு வண்டியின் வரம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நான்கு பேர் இருந்தால் ஒரே நாளில் பதினாறு பேனல் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு; அப்படியானால் இன்னும் 126 கிலோ, குறுக்கே நிற்கும் அடுக்கின் தடிமன் 64 சென்டிமீட்டர். கடைசியில் சேரும் பேனல்களுக்கு ஆக்சிலைத் தாண்டித்தான் இடம். ஆளைச் சேர்ப்பதற்கு முன் பதினாறு பேனலை ஏற்றி மறுபடியும் எடைமேடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.